பெரியப்பா சும்மா நிற்கும் நேரம்

பொட்டைக் காணோம். யுவராணி முதலில் நம்பவில்லை. மேடை விளக்கு கண்ணில் குத்துகிறது, அதனால்தான் தெரியவில்லை போல என்று தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பெரியப்பாவின் கழுத்து மொழுக்கென்று இருந்தது. பெரியப்பா என்பது அவள் இடுப்பில் சாய்த்துக்கொண்டு நிற்கிற டபுள் பேஸ். அவளைவிட உயரம், அவளைவிட அகலம். வயலின்களைப் பிள்ளைகள் என்றும் செல்லோவைச் சித்தப்பா என்றும் இதைப் பெரியப்பா என்றும் யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது, காசிமேட்டுப் பிள்ளைகளின் ஆர்க்கெஸ்ட்ராவில் அதுதான் பேர். அந்தப் பெரியப்பாவின் கழுத்தில், கறுப்புப் பலகையின் ஓரமாக, மேலிருந்து கீழே நாலு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். எந்தச் சுரத்துக்கு எங்கே விரலை அழுத்த வேண்டும் என்று காட்டுகிற பொட்டுகள். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வாத்தியத்தில் ஏதாவது ஒட்டிக்கொள்வதுதான், விரல் பழகியதும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். யுவராணி மட்டும் பிய்க்கவில்லை. இப்போது நாலையும் காணோம். முதல் பகுதி வாசித்தபோது அவள் கவனிக்கவே இல்லை, அதில் அவளுக்கு வெறும் கீழ்ச் சுரங்கள்தான், கை தலைமாட்டுப் பக்கமே கிடக்கும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசித்துவிடுவாள். அது முடிந்து, முன்னால் நின்று நடத்துகிற பிரிசில்லா மிஸ் கையை மெதுவாகத் தூக்கி, இரண்டாம் பகுதியும் தொடங்கிவிட்டது. இது மெதுவான பகுதி. இதில் பேஸுக்கு ஒன்றும் கிடையாது, சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போதுதானே மனுஷருக்குக் கண் தெரிகிறது. இது முடிந்தால் மூன்றாம் பகுதி. மூன்றாம் பகுதியை யுவராணி தனியாகத் தொடங்க வேண்டும். அத்தனை பெரிய ஏ.சி. மண்டபத்தில் வேறு ஒரு வாத்தியமும் வாய் திறக்காது, அவளும் பெரியப்பாவும் மட்டும்தான், அதுவும் கழுத்தின் அடிவாரத்தில் நாலாவது பொட்டு இருந்த இடத்திலிருந்து.

யார் எடுத்தது என்று துப்பறிய வேண்டியதே இல்லை. அரைவட்டத்தின் எதிர்முனையில், இரண்டாம் வயலின் வரிசையில், மோனிஷா உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றி நடுவில் அரக்கு நிறத்தில் ஜம்மென்று நாலாவது பொட்டு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நெற்றியில் மூன்றாவது. பின்னால் இரட்டை ஜடைக்காரிகள் இருவர் நெற்றியிலும் மிச்சம் இரண்டு. அட பாவிகளா. வேனில் வரும்போதே பொட்டுப் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்று மோனிஷா புலம்பிக்கொண்டு வந்தாள். மேடைக்குப் பின்னால் வராந்தாவில் பெரியப்பாவைச் சுவரில் சாய்த்துவிட்டு யுவராணி தண்ணீர் குடிக்கப் போன நேரம், "ஏய், இங்க கீதுடி பொட்டு!" என்று ஒருத்தி கத்தியிருப்பாள், ஆளுக்கொன்றாக உரித்திருப்பார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அவர்கள் வீடுகளில் எல்லாம் முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், கழுவி முடித்ததும் கைக்கு வந்த பொட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அம்மாவுடையதா, அத்தையுடையதா, குடக்கூலிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவுடையதா என்று யாரும் கேட்பதில்லை. ஒட்டியிருக்கிற பொட்டு பொதுச் சொத்து. யுவராணியே அப்படித்தானே அந்த நாலாவது பொட்டை எடுத்தாள். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்து முகம் கழுவுகிற நேரம் பார்த்து, கண்ணாடியிலிருந்து அரக்குப் பொட்டை உரித்து, உள்ளங்கையில் வைத்து எடுத்துப் போய்ப் பெரியப்பா கழுத்தில் ஒட்டினாள். "எங்கடி என் பொட்டு?" என்று அம்மா தேடியபோது, "பெரியப்பா வச்சிக்கினு கீறாரு" என்றாள். அம்மா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்தப் பொட்டு மோனிஷா நெற்றியில் இருந்து, அவள் வில்லை இழுக்க இழுக்க மேலும் கீழும் அசைகிறது. இங்கேதான் உன் விரல், இங்கேதான் உன் விரல் என்கிறது. ஏ.சி. காற்று நேராக முதுகில் விழுகிறது, விரல் நுனியெல்லாம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன் விரல் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. இடது கையை மடக்கி, பாவாடைக்குப் பின்னால் ஒளித்துத் தேய்த்துச் சூடேற்றினாள்.

போன தடவையும் இதே இடம்தான். இதே மண்டபம் இல்லை, வேறு ஒரு பெரிய பள்ளிக்கூடத்து மண்டபம், ஆனால் பாட்டில் இதே இடம். ஆடி மாதப் புழுக்கம், ஃபேன் கூட மேடைக்கு எட்டவில்லை, கை வியர்த்து வழிந்து பொட்டின் பசை இளகிக் கிடந்தது. அவள் பொட்டைப் பார்த்தாள், பொட்டின் மேலேயே பார்த்து விரலை வைத்தாள், வில்லை இழுத்தாள். வந்தது வேறு ஏதோ. பொட்டு நழுவி மேலே ஏறியிருக்கிறது, பொட்டு பொய் சொல்கிறது என்று காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கண் பொட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் கையை எடுத்துவிட்டாள். அதுதான் அவள் செய்தது, கையை எடுத்தாள், சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு மண்டபம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அப்புறம்தான் அந்தக் கைதட்டல் வந்தது. முன்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள், உடனே எல்லாரும் தட்டினார்கள், முதல் பகுதிக்குத் தட்டியதைவிடப் பலமாக, தைரியம் சொல்கிற மாதிரி, நடக்கக் கற்றுக்கொள்கிற குழந்தை தொப்பென்று உட்கார்ந்தால் தட்டுவார்களே அப்படி. முடிந்ததும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மா மேடைக்கு வந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "பாவம், இந்தக் கொழந்தைங்க இவ்ளோ பண்றதே பெரிய விஷயம்" என்றார். அவளிடம் சொல்லவில்லை, அவள் தலைக்கு மேலே பார்த்து மிஸ்ஸிடம் சொன்னார். கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்தார். நல்ல அம்மாதான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம். நல்லவராகப் போனதால்தான் யுவராணிக்கு அது தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. தப்பாக வாசித்ததற்கு அந்தக் கைதட்டல் என்றால், சரியாக வாசித்தால் என்ன தருவார்கள்? அப்போதும் அதையேதான் தருவார்கள் என்றால் இவர்கள் இத்தனை நாள் கேட்டது எதை? தன்னையா, தன் தெருவையா? அந்தச் சாக்லேட்டை அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். நன்றாக இருந்ததாம்.

இப்போதும் அந்த அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். சேலை வேறு, கஞ்சி அதே கஞ்சி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, மெதுவான பகுதிக்கு ஏற்ற முகம் வைத்திருக்கிறார். வயலின்கள் நன்றாகத்தான் வாசிக்கின்றன. அந்த இறக்கத்தில் மோனிஷா எப்போதும் ஓடிவிடுவாள், இன்று ஓடவில்லை, பொட்டு வைத்த ராசி போல. வந்த கோபத்திலும் யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. நிகழ்ச்சி தொடங்கும் முன் மைக் பிடித்த அண்ணன் என்ன சொன்னான்? "கத்தி பிடிச்சிருக்க வேண்டிய கைகள் இன்னிக்கு வில் பிடிக்குது!" எல்லாரும் தட்டினார்கள். யார் வீட்டில் கத்தி பிடித்தார்கள்? அவள் வீட்டில் கத்தி பிடிக்கிற ஒரே ஆள் அம்மா, அதுவும் கத்தரிக்காய்க்கு. பெனாசிர் அப்பா தையல்காரர், மோனிஷா அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அந்த அண்ணன் சொல்லி முடித்ததும் செல்லோவோடு உட்கார்ந்திருந்த பெனாசிர் திரும்பி, உதட்டை அசைக்காமல், "எங்கடி உன் கத்தி, வூட்ல வச்சிட்டு வந்துட்டியா?" என்றாள். அந்தப் புத்தகத்து போட்டோ இன்னொன்று. நன்கொடை கேட்கிறவர்கள் அச்சடித்த பளபளப்பான புத்தகத்தில் யுவராணி படம் இரண்டு. ஒன்றில் பேஸோடு சிரிக்கிறாள். இன்னொன்றில் குழாயடியில் பிளாஸ்டிக் குடத்தோடு சோகமாக நிற்கிறாள். குடம் முன்பு, பேஸ் பின்பு. அந்தக் குடம் அவர்கள் வீட்டுக் குடமே இல்லை. போட்டோ எடுக்க வந்தவன் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்து, "கொஞ்சம் சிரிக்காம நில்லும்மா" என்றான். வெயில் கண்ணில் அடித்ததால் முகம் சுளித்தாள், அதுதான் சோகம். அவளுக்கு அதைச் சொல்லிச் சிரிக்கவும் தெரியும், ராத்திரி நினைத்துப் பொருமவும் தெரியும். முன்பும் அவள் யுவராணிதான், பின்பும் யுவராணிதான். இன்றைக்கும் காலையில் தண்ணீர் பிடித்துவிட்டுத்தான் வந்தாள், போட்டோ எடுக்கத்தான் ஆளில்லை.

மாறவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எது மாறியது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது, கேட்டவர்களும் குடத்தைப் பற்றியேதான் கேட்டார்கள். வந்து சேர்ந்த அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது வயலின். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலுக்கு அவள் ஓடி வருவதற்குள் வயலினெல்லாம் கை மாறிவிட்டது. மூலையில் இது மட்டும், எவரும் கட்டிக்கொள்ளாத மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. "நீ உயரம்தானே, இதை எடுத்துக்கோ" என்றார் மிஸ். அழுதாள். எல்லாருக்கும் பொம்மை, எனக்கு மட்டும் பீரோவா என்று அழுதாள். மிஸ் அவள் கையைப் பிடித்து, இருப்பதிலேயே தடியான நரம்பை இழுத்துவிடச் சொன்னார். இழுத்துவிட்டாள். அது காதுக்கு வரும் முன்பே வயிற்றுக்கு வந்தது. இடுப்பெலும்பில், பல்லில், நின்ற தரையில் எல்லாம் வந்தது. அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெருவில் எது அடியில் ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தது. பத்து வீட்டு டி.வி., சண்டை, ஆட்டோ, அதற்கெல்லாம் அடியில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு உறுமுவது, துறைமுகத்துக் கப்பல் அதற்கும் கீழே போய் ஒரு தடவை கூப்பிடுவது. மற்றவர்களுக்கு இரைச்சல், அவளுக்கு மட்டும் வரிசையாக அடுக்கிய மாதிரி கேட்டது. அவளுக்குப் பெரியப்பாவைப் பிடிக்கும். சொல்லப்போனால் அவ்வளவுதான் விஷயம், அதற்கு முன்பு பின்பு எல்லாம் வேண்டியதில்லை. நைனாவுக்கும், அதாவது அவள் அப்பாவுக்கும், பிடிக்கும். வேனில் பெரியப்பா ஏறாது, அதனால் எங்கே நிகழ்ச்சி என்றாலும் நைனா தன் மீன்பாடி வண்டியில் படுக்க வைத்துத்தான் கொண்டு வருவார். முதல் தடவை அழுக்குப் படக் கூடாதென்று தன் வெள்ளை வேட்டியால் தலை முதல் கால் வரை சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஆட்கள் எழுந்து நின்றார்கள். டீக்கடையில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். சிக்னலில் ஒரு பூக்கார அம்மா ஓடி வந்து ஒரு முழத்தை மேலே போட்டுவிட்டு, "யாருப்பா, ஒடம்பு சரியில்லாம இருந்தாங்களா?" என்று கேட்டார். நைனா என்ன சொல்வார்! "எங்க பெரியப்பா" என்றாராம். "வயசானவரா?" "மரக்கட்டை மாதிரி திடமாத்தான் இருந்தாரு." அதற்குப் பிறகு பூப் போட்ட போர்வைதான் சுற்றுவது. இன்றைக்கும் அண்ணா சாலை வெயிலில் மிதித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த பேண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி மெத்தென்று இருக்கிறதாம், முழுசாகச் சாய மாட்டேன் என்கிறார், நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன தடவையும் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது வண்டியில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, ராயபுரம் வரை மிதித்தார். பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளினார், அவளும் இறங்கித் தள்ளினாள். அப்போதுதான் கேட்டார்: "ஏன் கண்ணு கைய எட்த்துட்ட? தப்புன்னா தப்பு. வண்டி மேடு ஏறச்சொல்ல காலை எட்த்தா பின்னாலதான போவும்?" மேடு ஏறி முடிந்ததும் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

மெதுவான பகுதி பாதி தாண்டிவிட்டது. செல்லோ பாட்டை வாங்கிக்கொண்டுவிட்டது, பெனாசிரின் முழங்கை போய் வருகிறது. இதற்குப் பிறகு வயலின்கள் ஒரு தடவை மேலே ஏறும், இறங்கும், தேயும், அவ்வளவுதான். யோசி. நாலாவது பொட்டு எங்கே இருந்தது? கழுத்து உடம்போடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே. சற்று என்றால் எவ்வளவு? இத்தனை நாள் கட்டை விரல் எங்கே முட்டிக்கொண்டிருந்தது? கட்டை விரலைக் கேட்டால் அது எனக்கென்ன தெரியும், கண்ணைக் கேள் என்கிறது. கண் மோனிஷாவைக் காட்டுகிறது. விரலை மெதுவாக வைத்துப் பார்க்கலாமா, சத்தமில்லாமல் நரம்பைத் தொட்டுப் பார்க்கலாமா? பெரியப்பாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது, லேசாகத் தொட்டாலும் மூன்று வரிசைக்குக் கேட்கும். பேஸில் கை கீழே இறங்கினால் சத்தம் மேலே ஏறும், கை மேலே போனால் சத்தம் இறங்கும். ஆரம்பத்தில் அதுவே அவளைப் படாத பாடு படுத்தியது. இப்போது எல்லாம் மறந்து முதல் நாள் மாதிரி நிற்கிறாள். போன தடவைக்கு அப்புறம் மிஸ் இந்தத் தொடக்கத்தை அவளிடமிருந்து எடுத்துச் செல்லோவுக்குக் கொடுத்துவிட்டார். திட்டவில்லை, கோபப்படவில்லை, பென்சிலால் எழுதி மாற்றினார். மாசக்கணக்காகப் பெனாசிர்தான் வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள், ஆனால் அது சித்தப்பா குரல். அடியிலிருந்து வர வேண்டியது நடுவிலிருந்து வந்தது. அவளாகப் போய்க் கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பயிற்சி முடிந்து எல்லாரும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது நேராகப் போய், "மிஸ், அத்த எனக்கே குடுத்துடுங்க" என்றாள். "தப்பு வந்தா?" என்றார் மிஸ். "வந்தா வர்ட்டும் மிஸ். நிறுத்த மாட்டேன்." மிஸ் அவளைப் பார்த்துவிட்டு, "சரி. ஆனா பொட்டை எடுத்துடு. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா காது வேலை செய்யாது" என்றார். அவள் தலையாட்டினாள், எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுமோ என்று பயம். நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அந்த நாலு கழுதைகள் எடுத்துவிட்டார்கள். மிஸ் இன்னொன்றும் சொன்னார்: "எனக்குச் சந்தேகம் வந்தா ரெண்டு விரலைக் காட்டுவேன். பெனாசிர் எடுத்துப்பா. அதுக்கு நீ கோவிச்சுக்கக் கூடாது." அதற்கும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது, மிஸ் முப்பது பிள்ளைகளை நடுத்தெருவில் விட முடியுமா?

மோனிஷா இப்போதுதான் பார்த்தாள். வயலின் வரிசைக்கு ஒரு சின்ன இடைவெளி, வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா திரும்பினாள், யுவராணியின் முகத்தைப் பார்த்தாள், பெரியப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. வாய் திறந்தது. அம்மாடி என்றோ ஐயையோ என்றோ அந்த வாய் சத்தமில்லாமல் சொன்னது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டைப் பாதி உரித்து, ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டவைத்து, மடியிலிருந்தே இந்தப் பக்கம் நீட்டினாள். இடையில் வயோலாக்கள், செல்லோக்கள், மிஸ் எல்லாரும் இருக்கிறார்கள். எப்படிக் கொண்டுவந்து தருவதாக உத்தேசம் என்று அவளுக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. யுவராணிக்கு அந்த நேரத்தில் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. இவளும் பயப்படுகிறாள், இவளுக்கும் இது பெரிய மேடை, அழகாக இருக்க வேண்டும் என்றுதானே எடுத்தாள். வச்சிக்கோ என்று தலையை அசைத்தாள். மோனிஷாவுக்குப் புரியவில்லை, இன்னும் நீட்டினாள். வச்சிக்கோடி, ஒழுங்கா வாசி என்று கண்ணை உருட்டினாள். அதன் பிறகே அவள் பொட்டைத் திரும்ப நெற்றியில் அமுக்கினாள், கோணலாக, ஒரு புருவத்துக்கு மேலே. வயலினைத் தோளில் ஏற்றினாள். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் யுவராணிக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. இனி அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணை மூடினாள். வயலின்கள் மேலே ஏறின. அவர்கள் எந்தச் சுரத்தில் வந்து இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அந்தச் சுரத்துக்கு ரொம்பக் கீழே, அதன் அஸ்திவாரமாக, அவளுடையது இருக்கிறது. பொட்டு எங்கே இருந்தது என்று கேட்பதை விட்டாள். அது எப்படிக் கேட்கும் என்று மட்டும் நினைத்தாள். ஐஸ் மெஷின் உறுமல் அல்ல, அதைவிட மேலே. கப்பல் அல்ல. அது, அதுதான், தொண்டைக்குள் சத்தமில்லாமல் பாடிப் பார்த்தாள், இருந்தது. பொட்டோடு போய்விடுமோ என்று பயந்த சுரம் அங்கேயே இருந்தது. பயம் மட்டும் போகவில்லை, அதுவும் பக்கத்திலேயே நின்றது. நிற்கட்டும்.

இரண்டாம் பகுதி தேய்ந்து முடிந்தது. நடுவில் தட்டக் கூடாது, எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்று மைக் பிடித்த அண்ணன் சொல்லியிருந்தான். தட்டினார்கள். முன்வரிசையிலிருந்து அதே கைதட்டல், பலமாக, அன்பாக, நடக்கக் கற்றுக்கொள்கிற குழந்தைக்குத் தட்டுவது மாதிரி. கஞ்சிப் புடவை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். மிஸ் திரும்பவில்லை, குனிந்து வணங்கவில்லை, கைதட்டல் அடங்கட்டும் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். வயலின், வயோலா, செல்லோ. பேஸுக்கு வந்தபோது அவர் கண் கழுத்தில் நின்றது. ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். யுவராணியின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, பொட்டு இல்லாதது மட்டும்தான் தெரிந்ததோ, அவருக்கும் போன தடவைதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மார்புக்கு நேராக, யாருக்கும் தெரியாத மாதிரி, இரண்டு விரலைப் பெனாசிர் பக்கம் நீட்டினார். பெனாசிர் வில்லைத் தூக்கினாள். தூக்கிய வில்லோடு தலையை மட்டும் திருப்பி யுவராணியைப் பார்த்தாள். யுவராணி கெஞ்சவில்லை, ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று தலையாட்டினாள். பெனாசிர் வில்லை மடியில் குறுக்காக வைத்தாள், அதன் மேல் கையை வைத்தாள், மிஸ்ஸைப் பார்க்காமல் நோட்டேஷன் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிஸ்ஸின் இரண்டு விரலும் காற்றில் நின்றன. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஓயட்டும் என்று காத்திருந்தால் மிஸ் வேறு ஏதாவது யோசிப்பார், யாரிடமாவது கொடுப்பார், அது நியாயம்கூட. யுவராணி காத்திருக்கவில்லை. விரலை அழுத்தினாள், வில்லை வைத்து இழுத்தாள். சுரம் வந்தது. கொஞ்சம் இறங்கி வந்தது. எல்லாருக்கும் முன்னால் அது அவளுக்குத்தான் கேட்டது, நன்றாகவே கேட்டது, போன தடவை கை எழுந்துபோனது இந்த இடத்தில்தான். கை எழவில்லை. அழுத்தியது அழுத்தியபடியே விரலைக் கீழே ஒரு நெல் அளவு நகர்த்தினாள். சுரம் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் மேடைப் பலகை அதிர்ந்தது, அவள் இடுப்பில் அதிர்ந்தது. முன்வரிசையில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கஞ்சிப் புடவை அம்மாவின் இரண்டு கையும் ஒன்றையொன்று தொடாமல் பாதியில் நின்றன. பின்வரிசையும் அடங்கியது. இப்போது அந்த மண்டபத்தில் அவள் வாசிப்பதைத் தவிர வேறு சத்தமே இல்லை. மிஸ்ஸின் கை அதற்குப் பிறகுதான் தாளத்துக்கு அசைந்தது. யுவராணி அதைப் பார்க்கவில்லை, அடுத்த சுரத்துக்குப் போய்விட்டாள்.